செங்கேணியின் கூடையும் வலது காலும்

மரியா, உன் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற அட்டவணையை நேற்றுத் தற்செயலாகப் பார்த்தேன். விடியற்காலை நாலரைக்கு எழுவது, ஐந்து மணிக்கு நடை, ஏழு வரை கணக்கு, அப்புறம் ஆங்கிலப் பேப்பர் என்று தொடங்கி, படுக்கப் போகுமுன் டைரி எழுதுவது வரை பதினோரு வரி. மூன்று நிற மையில் எழுதியிருக்கிறாய். முதல் மூன்று நாளுக்கு எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. நாலாம் நாள் ஏழு டிக், ஐந்தாம் நாள் இரண்டு. அதற்குப் பிறகு தாள் வெள்ளையாகக் கிடக்கிறது. அதன் அடியில் உன் தம்பி பென்சிலால் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறான். நீ அதைப் பார்த்து அழுதாய் என்று அம்மா சொன்னாள். தவறிப்போன கணக்குப் பரீட்சையில் இந்தத் தடவையும் தேற மாட்டேன், நான் எதையும் ஒழுங்காகச் செய்ய லாயக்கில்லாதவள் என்று சொன்னாயாம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உனக்கும் உன் தம்பிக்கும் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. ஏனென்றால் அந்த மாதிரி ஒரு தாளை வருடக்கணக்கில் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கொடுத்தவன் நான். அப்படி வெள்ளையாக நின்றுபோன ஒரு தாளினால் ஒரு பெண்ணுக்குக் கால் போக இருந்தது. குற்றத்தில் பாதி என்னுடையது.

என் வேலை உங்களுக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. தொழுநோய் ஒழிப்புப் பணியாளர் என்பது ஆபீஸ் பெயர். ஊரில் எங்களை "தேமல் பாக்குற சார்" என்பார்கள். ஆறு மாதப் பயிற்சி. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, காகிதத்தைக் கூராகச் சுருட்டித் தோலைத் தொடுவது, தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டுகிறாரா என்று பார்ப்பது, முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவுவது. இவற்றைக் கற்றுக்கொண்டதும் ஒரு சைக்கிளைக் கொடுத்து முதலில் வில்லியனூர்ப் பக்கமும், பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் பாகூர்ப் பக்கமும் போட்டார்கள். வயல் ஊர்களும் கடலோரக் குப்பங்களும் சேர்ந்த வட்டாரம் அது.

பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றை முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டேன். சைக்கிளை எந்த வீட்டு வாசலில் நிறுத்துகிறேனோ அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். பண்டசோழநல்லூரில் ஒரு வீட்டுக் கிழவர் என் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருக் கடைசியில் நிறுத்திவிட்டு வந்தார். "கோச்சிக்காத தம்பி, நீ நல்லவன்தான், உன் வண்டிதான் ஆவாது" என்றார். அன்றிலிருந்து சைக்கிளை டீக்கடையிலோ கோயில் மதிலிலோ சாத்திவிட்டு நடந்தே போவேன்.

செங்கேணியை நான் வீட்டில் கண்டுபிடிக்கவில்லை. ரோட்டில் கண்டுபிடித்தேன்.

சித்திரை மாத வெயில். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோடு உருகிக் கிடந்தது. மீன் விற்கிற பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு ரோட்டைக் கடந்தார்கள். எல்லாரும் வெறுங்கால். குப்பத்தில் பெண்கள் செருப்புப் போடுகிற வழக்கம் அப்போது இல்லை. சூடு தாங்காமல் எல்லாரும் குதித்துக் குதித்து ஓடி மண்ணுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் தார் மேலேயே நின்று ஒரு வீட்டுக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இடது காலைத் தூக்கி வலது கால் மேல் வைத்துக்கொண்டு, வலது காலால் மட்டும் தாரில் நின்றாள். பேரம் முடிகிற வரைக்கும் நின்றாள். சூடு தெரியாத கால் அது.

கூட்டத்தில் கேட்க முடியாது. அவள் விற்றுவிட்டுத் திரும்புகிற வரை காத்திருந்து, பாகூர் ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் தனியாக வரும்போது நிறுத்தினேன்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க."

"மீனு ஆயிப்போச்சி சாரு. நாளைக்கு வா."

"மீனுக்கு இல்லக்கா. உங்க வலது கால்ல தாரு ஒட்டியிருக்குது. சுடலியா?"

அவள் குனிந்து பார்த்தாள். குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தார் ஒட்டி, அதன் ஓரத்தில் தோல் கொப்பளித்திருந்தது. பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"நீ தேமல் பாக்குற சாருதான?"

"ஆமாக்கா."

"என் பின்னால வராத. எவளாச்சும் பாத்தான்னா நாளையிலேர்ந்து என் மீன நாய்கூட மோந்து பாக்காது. இந்தக் கூட போச்சின்னா என் வூட்ல ஒல கொதிக்காது. தெரிதா?"

தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு ஏற்பாடு செய்தோம். மாதத்தில் முதல் புதன்கிழமை நான் துணிப்பையோடு மதகுக்கு வருவேன், அவள் மீன் போடுவாள், அந்தப் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலம் அவள் முந்தானைக்குப் போகும். பார்க்கிறவர்களுக்கு நான் மீன் வாங்க வந்தவன். கிறிஸ்தவ வழக்கப்படி வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிற வீட்டில் இதென்ன புதன்கிழமை மீன் என்று கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொல்லவில்லை. இன்றைக்கு இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மாத்திரை நோயை நிறுத்தும். ஆனால் செத்துப்போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. இது பலருக்குப் புரியாது. உணர்ச்சி இல்லாத கால் முள் குத்தினாலும் சொல்லாது, கல் அறுத்தாலும் சொல்லாது. நீ அதன் மேலேயே நடந்து நடந்து புண்ணை எலும்பு வரை கொண்டுபோய்விடுவாய். வலி என்பது எவ்வளவு பெரிய காவல்காரன் என்று அந்த வேலையில்தான் கண்டேன். அந்தக் காவல்காரன் போன பிறகு கண்ணும் கையும்தான் காவல். தினமும் காலைப் பார்க்க வேண்டும், தடவ வேண்டும்.

அதற்காகத்தான் எங்களிடம் ஒரு தாள் இருந்தது. எட்டுக் கட்டளை, முப்பது கட்டம். காலைப் பார், தண்ணீரில் ஊறவை, காய்ப்பைக் கல்லால் தேய், எண்ணெய் தடவு, ரப்பர்ச் செருப்புப் போடு என்று ஓடும். செய்ததற்கு எதிரே கோடு போட வேண்டும். செங்கேணிக்கு எழுதத் தெரியாது, கரியால் கோடு போடத் தெரியும். நான் மதகு ஓரத்தில் உட்கார்ந்து எட்டையும் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "செரி சாரு, செரி சாரு" என்றாள். எனக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த புதன்கிழமை தாளைக் கேட்டேன்.

"அத்தப் பொட்டியில பத்தரமா வெச்சிகிறேன் சாரு."

"கோடு போட்டீங்களா?"

"மொத நாளு எட்டும் போட்டேன். அன்னிக்கி சோறு ஆக்க நேரமாயி, கடலுக்குப் போயி வந்த மனுசன் பட்டினியா கெடந்தாரு. ரெண்டா நாளு அஞ்சோ ஆறோ. அப்பறம்..." என்று நிறுத்திச் சிரித்தாள். "நீயே சொல்லு சாரு. ஒரு காலுக்கு எட்டு வேல. எனக்கு ரெண்டு காலு, நாலு புள்ள, ஒரு புருசன், ஒரு மாமியாரு. ஆளுக்கு எட்டுன்னு போட்டுப் பாரு."

செருப்பு? எங்கள் ஆஸ்பத்திரியில் செய்கிற அந்தச் செருப்பைப் பத்தடி தூரத்திலிருந்தே ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். அதை அவள் பாலித்தீன் பையில் சுற்றிக் கூரைக் கழியில் செருகி வைத்திருந்தாள்.

நான் கோபப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "உங்க காலு, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டேன். ஆபீசுக்குப் போய் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று அவள் பெயரில் இருந்த கார்டில் எழுதினேன். அந்த வாசகம் எங்களுக்கு ரொம்பச் சௌகரியமான வாசகம்.

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா அம்மா எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார்கள். கை கால் பராமரிப்புப் பிரிவு அவர்களுடையது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, முதுகு வளையாத நடை. பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி எங்களுக்குள் "மதாம்" என்போம். அவர்கள் நோயாளியைப் பார்க்கிற முறையை நான் எழுதியே ஆக வேண்டும். கூடவே ஒரு தாழ்ந்த மணைப்பலகை கொண்டுவருவார்கள். நோயாளிக்கு நாற்காலி, தனக்கு மணை. மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, நோயாளியின் பாதத்தை எடுத்து அதில் வைத்துக்கொள்வார்கள். யாரும் தொடாத காலை அப்படி மடியில் வைத்ததும் சிலர் அழுதுவிடுவார்கள். அதைக் கவனிக்காத மாதிரி வேலையைப் பார்ப்பார்கள். முதலில் புறங்கையால் குதிகாலிலிருந்து விரல் வரை மெல்லத் தடவுவார்கள். பிறகு மற்றக் கால். ஒரு இடம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் உள்ளே புண் தொடங்குகிறது என்று அர்த்தம். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் புறங்கை சொல்லிவிடும். "ம்" என்பார்கள். "ஏன் செய்யல?" என்று ஒரு நோயாளியையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்களைக் கேட்பார்கள்.

முதல் கூட்டத்தில் என்னையும் சேர்த்து நாலு பணியாளர்கள். நால்வரின் கார்டுகளையும் புரட்டிவிட்டு, "எல்லாரும் ஒரே வார்த்தைய எழுதியிருக்கீங்க. ஒத்துழைக்கவில்லை. சரி" என்று அந்த எட்டுக் கட்டளைத் தாளில் ஆளுக்கொன்று எடுத்து எங்களிடமே நீட்டினார்கள். "ஒரு மாசம் நீங்க செய்யுங்க. உங்க காலுக்கு."

ஒரு மாதம் கழித்துக் கூட்டம். கூட்டத்துக்கு வருகிற பஸ்ஸில் நால்வரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி, முப்பது நாள் கட்டத்தையும் நிரப்பினோம். பஸ் குலுங்கியதில் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. மதாம் தாள்களை வாங்கி வரிசையாக வைத்தார்கள். சிரிக்கவில்லை.

"செருப்பக் கழட்டுங்க."

கழற்றினோம். நாலு பேருக்கும் குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் செம்மண் அடைந்திருந்தது.

"இதுதான் தெனம் எண்ணெ தடவுன காலா தாஸ்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

நான் வெடிப்பை மறைக்க ஒரு காலை மற்றதன் மேல் வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு சம்பளம் இருக்குது, நேரம் இருக்குது, படிப்பு இருக்குது. எத்தன நாளு செஞ்சீங்க? நெஜத்தச் சொல்லுங்க."

"மூணு நாளு மதாம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. மற்ற மூவரும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்கள். அவர்களும் முதல் தடவையாகச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "நீங்களும் ஒத்துழைக்கவில்லை. கார்டுல அந்த வார்த்தைய அடிச்சிட்டு வாங்க" என்றார்கள்.

அடுத்த புதன்கிழமை மணைப்பலகையோடு அவர்களே ஏரிக்கரைக்கு வந்தார்கள். என் உறவுக்கார அம்மா, மீன் வாங்க வந்தவர் என்று பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. செங்கேணி காலைக் கொடுக்க மறுத்தாள். "நாத்தம் அடிக்குதும்மா, மீனு நாத்தம்" என்றாள். "எனக்கும் மீனு புடிக்கும், குடு" என்று காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். புறங்கை போய் வந்தது. பெருவிரலுக்குக் கீழே நின்றது. "ம்."

எட்டுக் கட்டளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"வூட்டுக்குப் போனா, மழையோ காய்ச்சலோ, எது வந்தாலும் விடாம செய்யிற வேல எது?"

செங்கேணி யோசிக்கவே இல்லை. "கூட கழுவறது. அத்தக் கழுவாம வெச்சா மக்கா நாளு எவன் வாங்குவான்?"

"எப்படிக் கழுவுவ? செஞ்சி காட்டு."

ஏரித் தண்ணீரில் செய்து காட்டினாள். வெளிப்பக்கம் கவிழ்த்து அலசினாள். நிமிர்த்தி உள்பக்கம் அலசினாள். பிறகு கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து விளிம்பு வரை விரல் நுனியால் சுற்றிச் சுற்றித் தடவினாள். செதில் ஒட்டியிருக்கிறதா, மூங்கிலில் எங்காவது சிலாம்பு கிளம்பியிருக்கிறதா என்று. சிலாம்பு இருந்தால் மீன் கிழியும், தலையில் குத்தும். கண் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது, கை தன்பாட்டில் கூடையைச் சுற்றியது.

"நில்லு. அந்தக் கைய அப்படியே எடுத்து, உள்ளங்கால்ல ஒரு சுத்து சுத்து."

செங்கேணி ஒற்றைக் காலில் நின்று வலது பாதத்தைத் தூக்கி, கூடையைத் தடவின மாதிரியே தடவினாள்.

"அவ்வளோதான். கூட ஆச்சின்னா காலு. வேற ஒண்ணும் வாணாம்."

"எண்ணெ?"

"வாணாம்."

"கல்லு வெச்சித் தேய்க்கறது?"

"வாணாம். ஒரு சுத்து போதும். சிலாம்பு இருந்தா தாஸுக்கு சொல்லு."

செங்கேணி என்னைப் பார்த்து, "இதச் சொல்ல நீ ஏன் சாரு எட்டு எழுதுன?" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. அதற்கடுத்த மாதமும். தாளே இல்லை, ஆனால் எப்படித் தெரியும் என்றால், "பன்னெண்டா நாளு ஒரு கிளிஞ்ச சொருகியிருந்துது சாரு, புடுங்கிட்டு மஞ்ச வெச்சேன்" என்று அவளாகவே சொன்னாள். அந்தக் கிளிஞ்சல் உள்ளே கிடந்திருந்தால் ஒரு வாரத்தில் சீழ் பிடித்திருக்கும்.

இங்கேதான் நான் செய்த தப்பு வருகிறது மரியா. இதைப் பொறுமையாகப் படி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று பிடித்துக்கொண்டாளே, இதுதான் சமயம், சூட்டோடு சூடாக மற்றதையும் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி கார்டுகளைப் பார்க்க வருகிறார் என்ற பேச்சும் இருந்தது. என் கார்டில் எட்டுக் கட்டமும் நிறைந்திருந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசையும் இருந்தது. மதாமிடம் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் போய், "அக்கா, இனிமே பாக்கறதோட அரை மணி நேரம் ஊற வெச்சி, கல்லு வெச்சித் தேய்ச்சி, எண்ணெ தடவி, வூட்டுக்குள்ளயாச்சும் அந்தச் செருப்பப் போட்டுக்கணும்" என்று அடுக்கினேன். அவள் "செரி சாரு" என்றாள். அந்தச் "செரி"யை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த முதல் புதன்கிழமை மதகில் அவள் வரவில்லை. அவள் புருஷன் பக்கிரி நின்றுகொண்டிருந்தார். கடலுக்குப் போகிற ஆள், பகலில் ஏரிக்கரையில் நிற்கிறார் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"காலு ஒரலு மாதிரி வீங்கிக் கெடக்குது. கெளுத்தி முள்ளு. எப்பக் குத்துச்சின்னு அதுக்கே தெரியல" என்றார்.

கெளுத்தி மீனின் முள் ரம்பம் மாதிரி. ஒடிந்து உள்ளே தங்கிவிடும். அன்றே வண்டி பேசி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியில் நான் கேட்டேன். கேட்கக்கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"தெனம் தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேக்கா?"

செங்கேணிக்குக் காய்ச்சல். கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "கூட கழுவனதும் காலத் தொட்டா, அப்பறம் ஊற வெக்கணும், தேய்க்கணும், தடவணும்னு நெனப்பு வருது சாரு. அதுக்கு நேரம் இல்ல. நாளைக்கு எல்லாத்தையும் சேத்துச் செஞ்சிக்கலாம்னு காலத் தொடாமலே வுட்டுட்டேன். நாளைக்கு, நாளைக்குன்னு..."

இருந்த ஒன்றையும் நான்தான் அவள் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

டாக்டர் முள்ளை எடுத்தார். கூடவே அழுகின எலும்புத் துண்டும், சுண்டுவிரலும் போயின. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். "ஆறு வாரம் பார்ப்போம். சீழ் மேல ஏறினா கணுக்காலோட எடுக்கணும்" என்றார். பக்கிரி ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து, "காலு போனா அது கூடயத் தூக்காது சார். கூடயத் தூக்காட்டி அது உயிரோட இருக்காது. அது அப்பிடிப்பட்ட ஆளு" என்றார்.

நான் மதாமிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர்கள் என் கார்டை வாங்கிப் பார்த்தார்கள். நாலு கட்டளை புதிதாகச் சேர்த்த தேதியில் விரலை வைத்தார்கள். அப்புறம், "அவ கூடைய இப்ப யாரு தூக்குறா?" என்று கேட்டார்கள்.

"நாத்தனாரு."

"கழுவறது?"

தெரியவில்லை என்றேன்.

"செங்கேணியே கழுவணும். கட்டோட உக்காந்துகினே கழுவலாம். கழுவிட்டு எடது காலத் தடவச் சொல்லு."

"எடது கால்ல உணர்ச்சி இருக்குதே. அதப் பாக்க வேண்டியதில்லியே?"

"காலுக்கு வேண்டியதில்ல. கைக்கு வேண்டியிருக்குது."

அந்த ஆறு வாரமும் தினமும் பிற்பகல் நான் குப்பத்துக்குப் போனேன். கால் ஒடிந்ததற்குக் கட்டு என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். படகு தள்ளும்போது சறுக்கி விழுந்தாளாம். மருந்துக்கடைக்காரன் மாதிரி ஒரு பையோடு போவேன். செங்கேணி மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, நாத்தனார் இறக்கிப் போட்ட கூடையைக் கழுவுவாள். கழுவி முடித்ததும் இடது பாதத்தை ஒரு சுற்று. "நல்ல காலுக்கு நல்ல ராசி, தெனம் ஒரு தடவு" என்று நாத்தனார் கேலி செய்வாள். "உனக்குத் தடவ ஆளில்லன்னு பொறாம" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அதுதான் என் உத்தியோகத்தில் நான் செய்த கஷ்டமான வேலை.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். மதாம் மணையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துப் புறங்கையால் தடவினார்கள். குதிகால், நடுப்பாதம், பெருவிரல் அடி, சுண்டுவிரல் இல்லாத இடம். இடது கால். மறுபடி வலது. "ரெண்டும் ஒரே சூடு" என்றார்கள். செங்கேணி மதாமின் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் சேர்க்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவளே, "தோலு வறண்டு வெடிக்குது சாரு, தலைக்கு வெக்கற எண்ணெயில மீதிய கால்ல இழுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். இழுத்துக்கொள் என்றேன். இன்னொரு வருடம் கழித்து, கூடை அலசுகிற தண்ணீரிலேயே காலை ஊறவைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினாள். செருப்புக்குத்தான் ரொம்ப நாளானது. குப்பத்துப் பெண்கள் எல்லாரும் நீல வார் வைத்த ஹவாய் செருப்பு மாட்ட ஆரம்பித்த பிறகு, எங்கள் செருப்புக்காரரிடம் சொல்லி அந்த மெத்து ரப்பரிலேயே நீல வார் வைத்து ஒன்று தைத்துக் கொடுத்தோம். எல்லார் காலும் நீலம், இவள் காலும் நீலம். எட்டில் நாலு நிறைவதற்கு ஏழு வருடம் பிடித்தது. தாளில் ஒரு மாதத்துக்குத்தான் இடம் இருந்தது.

எண்பதுகளில் கூட்டு மாத்திரை வந்தது. முன்பு ஆயுசு பூராவும் விழுங்கினதை இப்போது கணக்குப் பார்த்து நிறுத்த முடிந்தது. செங்கேணிக்கும் முடிந்தது. டாக்டர் பரிசோதித்து, மருந்து போதும் என்று எழுதிவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்லிக் கார்டை முடிக்கத்தான் குப்பத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்குப் பயம். ஏனென்றால் அதற்கு நாலு மாதம் முன்பே அவளுக்கு முழங்கால் போய், மீன் விற்பதை விட்டிருந்தாள். மருமகள் அலுமினிய அன்னக்கூடையில் மீனை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் விற்றுவிட்டு வருகிறாள். மூங்கில் கூடைக்கு வேலை இல்லை. கூடை இல்லாவிட்டால் கூடை கழுவுவது இல்லை. கழுவுவது இல்லாவிட்டால்? மாத்திரை நின்றுவிட்டது என்று சொல்லப் போகிறேன், அவளும் சரி எல்லாம் நின்றது என்று இருந்துவிட்டால்? "காலைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதே" என்று சொல்ல ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். செங்கேணி பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்து அலசிக்கொண்டிருந்தாள். கூடையில் ஒரு செதில் இல்லை. வெயிலில் வெளுத்துப்போன வெறுங்கூடை.

"மீனே இல்லாத கூடைய எதுக்குக்கா கழுவுற?"

"இத்தக் கழுவலன்னா கை காலுக்குப் போவ மாட்டேங்குது சாரு. விக்கறத வுட்டப்பறம் நாலு நாளு கழுவாம இருந்து பாத்தேன். நாலு நாளும் காலு நெனப்பே வர்ல. அஞ்சா நாளு கூடய எறக்கிட்டேன்."

மருமகள் உள்ளேயிருந்து, "தெனம் வெறுங் கூடக்கி ஒரு கொடம் தண்ணி சார். நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

"நீ ஒன் அன்னக்கூடய வெளக்குடி. என் கூடக்கி நீ வராத" என்றாள் செங்கேணி. கையை உள்ளே விட்டுச் சுற்றித் தடவினாள். சிலாம்பு இல்லை. கையை எடுத்து, வலது பாதத்தை மடியில் திருப்பி வைத்தாள். குதிகாலில் தொடங்கி நாலு விரல் வரை ஒரு சுற்று. சுண்டுவிரல் இருந்த இடத்தில் விரலை ஒரு தரம் அழுத்தி எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல சாரு. எழுதிக்க."

நான் தயார் பண்ணிக்கொண்டு போன பேச்சைச் சொல்லவில்லை. கார்டின் கடைசிக் கட்டத்துக்கு "அளித்த அறிவுரை" என்று தலைப்பு. அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு கார்டில் மட்டும்தான் அப்படிச் செய்தேன்.

மரியா, உன் அட்டவணையைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். அது ஒட்டின இடத்திலேயே இருக்கட்டும். தம்பி எழுதினதை மட்டும் அழித்துவிட்டேன். ஆனால் நீ ஒரு நாளும் தவறாமல் செய்வது ஒன்று எனக்குத் தெரியும். சாயங்காலம் சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்து சாவியை நடையில் உள்ள ஆணியில் மாட்டுவாய். மழையில் நனைந்து வந்தாலும், எங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும் சாவி ஆணிக்குப் போய்விடும். இன்று காலை அந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, உன் கணக்கு நோட்டை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பென்சிலும் கூடவே தொங்குகிறது. சாவியை மாட்டின கையோடு, நின்றபடியே ஒரு கணக்கு. தப்பாக வந்தாலும் சரிதான். அப்புறம் நீ சாப்பிடப் போ.

இரண்டாவது கணக்கைப் போட நினைப்பு வரும். ஒரு மாதத்துக்கு அதைப் போடாதே. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், போடச் சொல்ல மாட்டேன்.